விறகு மறைத்த ஜன்னல்

லெவாங்கர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கீழ்த்தளத்தில் குடியிருக்கும் சில்யேவும் பிழைத்துக்கொண்டாள், ஆண்டவன் புண்ணியம். நீயும் மாப்பிள்ளை டெரிக்கும் சுகம் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குத் தொண்டையில் ஏதாவது இறங்கும். உன் ஹாலிபாக்ஸ் வீட்டுக் கீழ்த்தளத்தை ஒன்றாம் தேதி முதல் வாடகைக்கு விடப்போகிறாய், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வருகிறார்கள், என்னென்ன பார்க்க வேண்டும் அம்மா என்று கேட்டிருந்தாயே, நிதானமாக உட்கார்ந்து பதில் எழுதலாம் என்றிருந்தேன். இப்போது நிதானம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை காலை அப்பா மீன் வாங்கப் போயிருந்தார். நர்ஸ் படிக்கிற பெண் அல்லவா சில்யே, ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து, பீட்சா அட்டைப் பெட்டியைக் கரண்ட் அடுப்பு மேல் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். தோள்பை உரசி அடுப்புக் குமிழ் திரும்பியதைப் பார்க்கவில்லை. புகை மணி அலறியதும் நான் வெறுங்காலோடு ஓடிப் போய்க் கீழ்வாசல் கதவைத் திறந்தால் கன்னங்கரேலென்று புகை, ஓரடி வைக்க முடியவில்லை. அந்த அடுப்பைத் தாண்டித்தான் வாசலுக்கு வர முடியும், உனக்குத் தெரியுமே. சரி, படுக்கையறை ஜன்னல் வழியாக வந்துவிடுவாள் என்று வீட்டைச் சுற்றி ஓடினால், அங்கே உன் அப்பாவின் பிர்ச் மர விறகு மார்பு உயரத்துக்கு அடுக்கி நிற்கிறது. தினமும் பார்த்த விறகுதான், அது எதை மறைக்கிறது என்று அன்றைக்குத்தான் என் மரமண்டையில் உறைத்தது. வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னல், அவள் உள்ளேயிருந்து தள்ளுகிறாள், கை நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. "இங்குன்னம்மா, திறக்க மாட்டேங்குது, திறக்க மாட்டேங்குது" என்று கத்தினாள், அப்புறம் இருமினாள், அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. நான் ஒவ்வொரு கட்டையாக எடுத்து வீசிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு ஓட்வர் வந்து "நகருங்க, நகருங்க, இப்படிப் பொறுக்கிட்டிருந்தா பொண்ணு போயிடும்" என்று அடுக்கையே தோளால் முட்டிச் சாய்த்தார். இரண்டு பேருமாக அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தோம். நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்தேன், பேசினால் குரல் கரகரக்கிறது, டாக்டர்கள் பயமில்லை என்கிறார்கள், எனக்குத்தான் பயம் போகவில்லை.

இதில் வயிறு எரிகிற விஷயம், ஆகஸ்டிலேயே அவள் உன் அப்பாவிடம், ரூம் இருட்டா இருக்குங்க என்று சொல்லியிருக்கிறாள். அவர் "வெயில் படுற சுவர் அது ஒண்ணுதாம்மா, கிறிஸ்துமஸுக்குள்ள எரிச்சுத் தீர்த்துடுவேன், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சிரித்திருக்கிறார். அவளும் சரிங்க என்று போய்விட்டாள். இப்போது அந்த மனுஷர் விறகைக் கொட்டகைக்குச் சுமந்துகொண்டிருக்கிறார், திட்டவும் மனசு வரவில்லை. முன்பணத்தைத் தனிக் கணக்கில் போடு, சொல்லாமல் அறைக்குள் நுழையாதே என்பதையெல்லாம் உன் ஊர்க்காரர்களே சொல்வார்கள், நான் சொல்வது இதுதான், குடியிருப்பவர் ஒரு தடவை சொன்னால் பத்துத் தடவை சொன்னதாக எடுத்துக்கொள். வேறு இடம் கிடைக்காதே என்ற பயத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள், நாம்தான் போய்க் கேட்க வேண்டும். மாதம் ஒரு தடவை புகை மணியை அமுக்கிப் பார், வீட்டை வெளிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வா. திருடனுக்குப் பயந்து கீழ்த்தள ஜன்னலுக்கு டெரிக் கம்பி போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். படித்தபோது நானும் நல்லதுதான் என்றே நினைத்தேன், இப்போது கண்ணை மூடினால் அந்தக் கம்பிதான் தெரிகிறது, அதற்குள்ளே அந்தக் கைக்குழந்தை. திருடன் வந்தால் டிவியைத் தூக்கிக்கொண்டு போவான், போகட்டும் சனியன்.

தீயணைப்புக்காரர் வந்து நாடா பிடித்து அளந்து பார்த்தார். "ஜன்னலோட உயரமும் அகலமும் கூட்டினா ஒன்றரை மீட்டர் வரணும், இது வராது, இதை மாத்துற வரைக்கும் இங்க யாரும் படுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. விறகுதானே குற்றம், ஜன்னல் என்ன செய்தது என்று நானே உள்ளே போய் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். தோள் வந்தது, இடுப்பு வரவில்லை, அப்பா இழுத்தும் வரவில்லை. சில்யே ஈர்க்குச்சி, அதனால் வந்துவிட்டாள். பாதி உள்ளே பாதி வெளியே நான் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் நினைப்பு வந்தது, மாடியில் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்துப் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் அந்த அறையில் படுத்தவள் நீ. மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போவாய். அப்போது நீ என்னைவிடக் குண்டு, கண்ணு. நான் மேலே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஆண்டவன் உங்கள் இருவரையும், உங்கள் கூரைக்குக் கீழே வந்து படுக்கிறவர்களையும் காப்பாற்றட்டும். கம்பியை இன்றைக்கே அறுக்கச் சொல். பிறகு நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் அந்த ஜன்னல் வழியாக வெளியே வந்து பார். வர முடியாவிட்டால் அங்கே யாரையும் படுக்க வைக்காதே. வந்துவிட்டால், மண்ணில் நின்றபடியே எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்
உன் அம்மா
இங்குன்