எதிரே உட்கார்ந்திருப்பவர்

மார்ச் 4

அம்மாவுக்கு,

இன்று போனில் உன்னிடம் கேட்காமல் விட்டதை எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று நீ முடித்திருப்பாய். கடிதத்தை நீ மட்டும்தான் பிரிப்பாய்.

அவர் தன் பஸ் டிப்போவில் சொல்லி வாங்கித் தந்த ஆபீஸ் வேலையை விட்டு நான் இங்கே வந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. நீ போனை நீட்டினாலே எழுந்து போகிறவர். அப்படியிருக்க, போன கோடையில் அவர் பெயரில், காக்கிச் சட்டைப் படத்தோடு, போனில் கேரம் ஆட அழைப்பு வந்தது. இதுதான் அவருடைய சமாதானம் என்று நினைத்தேன். அதை நம்பித்தான் அடுத்த மாதம் வீட்டுக்கு வர டிக்கெட் போட்டிருக்கிறேன்.

ஆனால் ஏதோ இடிக்கிறது. நம் பலகையில் அவர் அடித்தால் ஜன்னல் கம்பி அதிரும். நான் மெல்லச் சுண்டினால், "என்னடி, பலகைக்கு வலிக்கும்னு பாக்கறியா?" என்பார். போனில் பவுடர் இல்லை, நகக்கண் வலி இல்லை. எப்படி அடித்தாலும் ஒரே 'டொக்'. காய் எங்கே போகும் என்று புள்ளிக்கோடு வேறு காட்டிக்கொடுக்கிறது. யார் கை என்று தெரிய வழியில்லை.

நான் கடைசிக் காயோடு திணறினால் மட்டும் எதிர்ப்பக்கம் அடி தவறுகிறது. அப்பா எனக்கு ஐந்து வயதில்கூட விட்டுக்கொடுத்ததில்லை. நேற்று நான் ஜெயித்ததும் ஒரு ரோஜாப்பூப் படம் வந்தது. அப்பாவா? ரோஜாப்பூவா?

ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்க்கிறவள் நான். சந்தேகப்படத்தான் சம்பளம். எதிரே உட்கார்ந்திருப்பது யார்?

குட்டி

மார்ச் 9

குட்டிக்கு,

அப்பாவுக்கு இப்போது கண் முன்போல் இல்லை, அடி தவறத்தான் செய்யும். வயதானால் மனசு இளகாதா? எதையும் துருவித் துருவிப் பார்க்காதே. ஆடப் பிடித்தால் ஆடு. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

மார்ச் 13

அம்மாவுக்கு,

கேட்டதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். நேற்று ஆட்டத்தின் நடுவே, "அப்பா, நான் வரட்டுமா?" என்று தட்டி அனுப்பினேன். பதிலுக்கு மறுபடியும் அதே ரோஜாப்பூ.

அது நீதானே?

குட்டி

மார்ச் 18

குட்டிக்கு,

நான்தான். அப்பா டிப்போவுக்குப் போன பிறகு, என் போனில் அவர் பெயரையும் படத்தையும் போட்டு ஆடினேன். என் பெயரில் கூப்பிட்டிருந்தால், "உனக்கு எதுக்கும்மா கேரம்?" என்று சிரித்திருப்பாய்.

நீங்கள் இரண்டு பேரும் ஆடிய அத்தனை வருஷமும் பவுடர் டப்பாவைத் தேடிக் கொடுத்தது நான். கட்டிலுக்கடியில் உருண்ட காயைக் குனிந்து எடுத்துத் தந்ததும் நான். "நீயும் ஒரு ஆட்டம் உட்காரு" என்று ஒருத்தரும் சொன்னதில்லை. போனில் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முதலில் உனக்காகத்தான் ஆடினேன். அப்புறம் எனக்காக.

நீ டிக்கெட் போட்டதைப் படித்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா இன்னும் உன் பேச்சை எடுப்பதில்லை.

அம்மா

மார்ச் 24

அம்மாவுக்கு,

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள், உன்னை ஆடக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஒருமுறையாவது தோன்றியதா என்று யோசித்துப் பார்த்தேன். தோன்றியதில்லை.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. ஏப்ரல் 18ஆம் தேதி காலை அங்கே வந்து சேரும் வண்டி. நான் வருவதை அப்பாவிடம் சொல். நீ ஆடியதையும் சொல். அவருக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் என்னால் நுழைய முடியாது.

குட்டி

மார்ச் 30

குட்டிக்கு,

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "என் பேர்லயா?" என்றார், அவ்வளவுதான். கை கழுவப் போனவர் திரும்பி வந்து, "என்னிக்கு வர்றா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேதியைச் சொன்னேன், வண்டி நேரத்தையும் சொன்னேன்.

மறுநாள் டிப்போவில் கேட்டு, அந்த வாரம் முழுக்க வெளியூரில் பழுதாகி நிற்கும் பஸ்களைப் பார்க்கும் வேலையை வாங்கிக்கொண்டார். 17ஆம் தேதி கிளம்புகிறார்.

ஸ்டேஷனுக்கு நான் மட்டும் வருகிறேன்.

அம்மா