மலைக்கு வாங்கிய பிளாஸ்டர் துணி

1997 நவம்பர் 11, செவ்வாய்.

பொம்மை ரயிலுக்கு மலை செய்யக் கண்டியில் எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் துணி ஆறு சுருள் வாங்கி, ஈரம் படாமல் பிஸ்கட் டின்னில் அடைத்து வந்தேன். மாத்தளைக் காவலரணில் சிப்பாய் டின்னைத் திறக்கச் சொன்னான். தூறிக்கொண்டிருந்தது. நனைந்தால் துணி அப்படியே இறுகிவிடும் என்று பதறி மூடினேன். அந்தப் பதற்றம்தான் வினை. காயப்பட்ட போராளிகளுக்கோ என்ற சந்தேகத்தில், இவ்வளவு பேண்டேஜ் யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டான். பொம்மை ரயில் என்றால் நம்புவானா? மனைவிக்குக் கால் முறிந்துவிட்டது என்றேன். பாவம் என்று சொல்லித் தன் மழைக்கோட்டை டின்னுக்கு மேல் பிடித்துக்கொண்டான்.

தினமும் காலையில் நாங்கள் இருவரும் அவனைத் தாண்டித்தான் போகிறோம். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி கமலா சிரிக்கவில்லை. "நாளைக்கு நான் நல்லா நடந்து போனா, உங்களை என்ன செய்வாங்க?"

பேசினில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஸ்டூலில் காலை நீட்டினாள். "முதல்ல இதுக்குப் போடுங்க. மலை நிக்கட்டும்."

நான்கு சுருள் போயிற்று. மலைக்காகக் கசக்கி வைத்த பத்திரிகைத் தாள்கள் மேசையில் கிடக்கின்றன. கட்டு காய்வதற்காக விசிறிக்கு நேரே காலை வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

"முறிஞ்ச கால் எத்தனை கிழமையில சரியாகுமுங்க?"