சனிக்கிழமைச் சோறு

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ,
2007 ஆனி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள துஷ்யா அக்காவுக்கு,

நீயும் பிலேந்திரன் அத்தானும் யாழ்க்குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நின்றபடி வாசிக்காதே. பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு, இருந்து வாசி. வருகிற சனிக்கிழமை உனக்கு வேலை இருந்தால் யாரோடாவது மாற்றிக்கொள். ஏனென்று கடைசியில் சொல்கிறேன். அதற்காகக் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதே.

ஃபோன் எடுத்திருக்கலாம் என்பாய். ஃபோனில் நான் ஓம், இல்லை, சரி என்பதற்கு மேல் பேசமாட்டேன் என்று உனக்குத் தெரியும். வகுப்புக்கு முன்னால் நின்று பேசச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். அதற்காக நான் இப்போது வெட்கப்படுவதில்லை. லாண்டரியில் ஹோட்டல் விரிப்புகளை மடிக்கும்போது யாரும் என்னை எழுந்து நின்று பேசச் சொல்வதில்லை. இந்தக் கடிதத்தையும் அங்கே சாப்பாட்டு மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா சொன்னது வீட்டுக்குள்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் இருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். பெரியப்பாவின் மணிவிழாவுக்குப் பிள்ளைகள் சேர்ந்து ஐரோப்பியக் கப்பல் பயணம் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் ஒஸ்லோவில் இருந்து வெளிக்கிடுகிறது. அதற்கு முன் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். அப்பா லீவு எடுத்தார். அம்மா குளிர்பெட்டிக்குள் கை வைக்க இடமில்லாமல் சமைத்தார். அண்ணனும் தம்பியும் பதினொரு வருடத்துக்குப் பிறகு கட்டிப்பிடித்ததை விமான நிலையத்தில் பார்த்தபோது நானும்தான் கண்ணைத் துடைத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவதை வைத்து நான் அவர்களை வெறுக்கிறேன் என்று நினைக்காதே.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அத்தானின் ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரரில் எந்தச் சாதி ஆட்கள் என்று அப்பா ஃபோன் போட்டு விசாரித்து முடித்த நாளில் இருந்து நீ போலந்தில் டாக்டருக்குப் படிக்கிறாய். கனடாவுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். உனக்கே தெரியாமல் ஐந்தாம் வருடத்துக்கும் வந்துவிட்டாய். சோதனை காலம் என்பதால் உன்னோடு கதைக்க முடியாதாம். எப்போது பார்த்தாலும் உனக்குச் சோதனைதான்.

ஹோலில் நாங்கள் இரண்டு பேரும் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்திய வீட்டுப் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினது நினைவிருக்கும். உன் படம் இருந்த ஆணியில் இப்போது ஒரு நீர்வீழ்ச்சி தொங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் நீர்வீழ்ச்சி இருக்கிற நாட்டில் அதைக் காசு கொடுத்து வாங்கினார் அம்மா. பெரியம்மா சப்பாத்தைக் கழற்றினதும் முதலில் பார்த்தது அந்தச் சுவரைத்தான். எங்கை நான் அனுப்பின மாம்பழ மஞ்சள் சீலை, அதோடை நிண்ட பிள்ளை எங்கை, என்று கேட்டார். கண்ணாடி வெடிச்சுப் போச்சக்கா, ஃபிரேம் போடக் குடுத்திருக்கு என்றார் அம்மா. அந்தச் சிவப்புக் கரைக்காகத் தான் ஸ்கார்பரோவில் எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா தேத்தண்ணி போடப் போய்விட்டார். நீ என்ன படிக்கிறாய் பிள்ளை என்று என்னைக் கேட்டதற்கும் அம்மாதான் குசினியில் இருந்து, அவள் ஒரு வருசம் ஓய்வு என்று பதில் சொன்னார்.

மறுநாள் அவர்களுக்கு ஒஸ்லோ காட்டினோம். சிலைகள் இருக்கிற பூங்காவுக்குப் போனபோது பெரியம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, இவ்வளவு குளிருக்கை இதுகளுக்கு ஒரு துண்டு உடுப்பும் இல்லையோ, உன்ரை கொம்பனி விரிப்பிலை நாலைக் கொண்டுவந்து போர்த்துவிடு என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் யோசித்தேன், நான் ஓய்வில் இல்லை, விரிப்பு மடிக்கிறேன் என்று அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கதவடியில் தொங்கின லாண்டரி உடுப்பையும் என் கையையும் பார்த்திருக்கிறார். எனக்கு அவரை அப்போதுதான் பிடித்தது.

அன்று பின்னேரம் பெரியப்பா கப்பல் போகிற வரைபடத்தை மேசையில் விரித்தார். ஐரோப்பியப் பயணம் என்றால் இத்தாலி, ஸ்பெயின் என்றுதான் அப்பா இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். தன் வேலைத்தலத்தில் எல்லாருக்கும் அப்படியே சொல்லியும் விட்டார். பெரியப்பாவின் விரல் தெற்கே போகவில்லை. பேர்கன், கெய்ராங்கர் என்று மேலே மேலே போய், ட்ரொம்சோவில் நின்றது. சனிக்கிழமை முழுப் பகலும் ட்ரொம்சோ என்றார். பிறகுதான் வடமுனையும் நடுச்சாமச் சூரியனும்.

அம்மா இடியப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும். அங்கை என்ன கிடக்கு அண்ணை, குளிரும் மீனும்தான், நீங்கள் இறங்காதேங்கோ, கப்பலிலேயே கால் நீட்டிப் படுத்து எழும்புங்கோ என்றார். பெரியப்பா விடவில்லை. பிள்ளையள் கஸ்டப்பட்டுத் தந்த பயணமடா தம்பி, நிக்கிற ஊரிலை எல்லாம் இறங்கித்தான் ஏறுவன் என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கப்பல் வரும், அவர்கள் இறங்குவார்கள், உன் வீட்டு ரோட்டில் நடப்பார்கள், பாலத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், திரும்பி ஏறிப் போய்விடுவார்கள். நீ மேலே ஜன்னலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாலும், யாரோ தமிழ் ஆட்கள் போகினம் என்றுதான் நினைப்பாய். நீ வீட்டை விட்டுப் போனபோது நான் அழுதேன், கோபம் வரவில்லை. கோபம் அன்றைக்குத்தான் வந்தது.

அடுத்த நாள் காலை, எல்லாரும் எழும்ப முன், கீழ் நிலவறையில் எங்கள் சாமான் அறைக்குப் போனேன். பழைய பனிச்சறுக்குத் தடிகளுக்குப் பின்னால், கட்டில் விரிப்பால் சுற்றி உன்னை வைத்திருந்தார்கள். கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. நீர்வீழ்ச்சியைக் கழற்றிவிட்டு உன்னைக் கொழுவினேன். நீர்வீழ்ச்சியை அதே விரிப்பால் சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பெரியம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று படத்தைக் கனநேரம் பார்த்தார். ஒஸ்லோவிலை ஃபிரேம் கடைக்காரர் விடியக் காலமை வீடு தேடி வந்து கொழுவியும் விடுவினமோ, நல்ல நாடுதான் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குனிந்திருந்தால் உனக்கு இப்படி எழுத மாட்டேன்.

டாக்சியில் துறைமுகத்துக்குப் போனோம். கோட்டைக்குக் கீழே கப்பல் நின்றது, எங்கள் மாடி வீட்டுப் புளொக்குகள் நாலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல. கூடாரத்துக்குள் பெட்டிகளை மெஷினுக்குள் விட்டார்கள். எல்லாம் போனது, பெரியம்மாவின் பெரிய பெட்டியை மட்டும் ஒதுக்கித் திறக்கச் சொன்னார்கள். உள்ளே என்ன இருந்தது என்று நினைக்கிறாய்? ரைஸ் குக்கர். அதைச் சுற்றிச் சம்பா அரிசிப் பை, சம்பல் போத்தல், மிளகாய்த்தூள். கப்பலில் ஐந்து நேரமும் வெள்ளைக்காரச் சாப்பாடுதான் என்று யாரோ சொல்ல, அறைக்குள் சோறு காய்ச்சலாம் என்று கனடாவில் இருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு நாளும் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை, அம்மா கண்டால் பகிடி பண்ணுவார் என்று.

சூடாக்கிற சாமான் கப்பலுக்குள் கொண்டுபோக முடியாது, நெருப்புப் பயம் என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். பெரியப்பா ஆங்கிலத்தில் வாதாடிப் பார்த்தார். பெரியம்மா குக்கரின் மூடியைப் பிடித்தபடி நின்றார். இத்தினை நாளும் ஒரு பிடி சோறில்லாமல் என்னெண்டு இருக்கிறது, இந்த மனுசன் பாணைத் திண்டும் இருப்பார், நான் என்ன செய்ய, என்று கேட்டார். கேட்டது ஒருவரையும் பார்த்தல்ல.

அப்போது நான் சொன்னேன். அக்கா, என் வாயில் இருந்துதான் வந்தது. ட்ரொம்சோவிலை துஷ்யா அக்கா இருக்கிறா, சனிக்கிழமை அவ உங்களுக்குச் சோறு காய்ச்சித் தருவா என்றேன்.

அவள் போலந்திலை எண்டல்லோ, என்றார் பெரியப்பா. இல்லை பெரியப்பா, போலந்திலை ஒருநாளும் இருக்கேல்லை, கலியாணம் கட்டி ட்ரொம்சோவிலை இருக்கிறா, பிள்ளையும் இருக்கு, பொம்பிளைப் பிள்ளை, பெயர் யாழ் என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாலும் நான் நிறுத்தவில்லை. பெரியப்பா தம்பியைப் பார்த்து, உண்மையோ என்று கேட்டார். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கைப்பைக்குள் எதையோ தேடினார். அதற்குள் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் தள்ளத் தொடங்கினார்கள். பெரியம்மா என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். அந்தச் சீலை அவளிட்டை இருக்கோ?

அம்மாவின் அலுமாரியில் அது இல்லை என்று எனக்குத் தெரியும். நீ போன கடிதத்தில் பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். எந்தச் சீலையில் என்று எழுதவில்லை. ஓம் பெரியம்மா, அதிலைதான் ஏணை கட்டியிருக்கிறா, யாழ் அதுக்குள்ளைதான் நித்திரை என்றேன். அவர் அனுப்பின சீலையை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பெரியம்மாவின் முகம் மாறினது. பட்டுச் சீலையிலை ஆரும் ஏணை கட்டுவினமோ, அது சறுக்கும், பிள்ளை விழுந்திடும், சொல்லு அவளுக்கு, என்று ஏசினார். ஏசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவர் சொல்லச் சொன்னதால்தான் உனக்குச் சொல்கிறேன்.

திரும்பி ரயிலில் வந்தோம். அப்பாவின் மடியில் ரைஸ் குக்கர். எதிரில் இருந்த கிழவர் அதை அடிக்கடி பார்த்தார். ஹவுகன்ஸ்டுவாவில் இறங்கும்போது அப்பா, படிப்பும் இல்லை வாயும் இல்லை எண்டு இருந்தவளுக்கு இப்ப வாய் மட்டும் வந்திட்டுது என்றார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமல் இருக்கட்டும். கதைக்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். மன்னிப்புக் கேள் என்றால் கேட்கமாட்டேன். ஆனால் ஒன்று, நேற்றிலிருந்து அவர் அந்தச் சுவரைக் கடந்து எத்தனையோ தரம் போய்விட்டார், படத்தைக் கழற்றவில்லை.

இன்று காலை வேலைக்கு வெளிக்கிடும்போது என் சாப்பாட்டுப் பையோடு ஒரு போத்தல் இருந்தது. பெரியம்மா அம்மாவுக்கென்று கொண்டுவந்த வறுத்த மிளகாய்த்தூளில் பாதி. மூடியை டேப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தது, தபாலில் போகிற சாமானுக்குச் சுற்றுகிற மாதிரி. அம்மா குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் போத்தலைப் பைக்குள் தள்ளினேன். அதை இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.

சனிக்கிழமை அவர்கள் உன்னிடம் வருவார்களா, பெரியப்பா கப்பலிலேயே படுத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. உனக்கு விருப்பமில்லாவிட்டால் கதவைப் பூட்டிவிட்டு இரு, நான் உன்னைப் பிழை சொல்லமாட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் சோறு தருவேன் என்று சொன்னது நான். ஆனால் ஒளித்துக்கொண்டு மட்டும் இருக்காதே அக்கா. நிலவறையில் இருந்து உன்னை நான் தூக்கி வந்தது ஒரு காலை நேரத்தில், ஒற்றைக் கையால். அவ்வளவு பாரம் இல்லை நீ.

துறைமுகத்துக்குப் போ. அத்தானையும் கூட்டிக்கொண்டு போ, பின்னால் நிற்க விடாதே. யாழ்க்குட்டிக்குத் தொப்பி போடு. போக முன் சோற்றைக் காய்ச்சி மூடி வை, ஒரு சுண்டு அரிசி கூடப் போடு. சீலையில் உண்மையில் ஏணை கட்டியிருந்தால் சனிக்கிழமைவரை அவிழ்க்காதே. கட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை கட்டு. பெரியம்மா வந்து, சறுக்கும் என்று சொல்லித் தன் கையாலேயே அவிழ்த்துப் பருத்திச் சீலையில் கட்டித் தரட்டும்.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும்.

உன் அன்புத் தங்கை,
டிலக்சி