முதல் பந்தியில் ஆத்தா

என்னைப் பெத்த ஆத்தாவுக்கு,

உன்னைப் படமாக வரைந்தாகிவிட்டது. ஓடிவந்து சொல்ல நீ அடுப்படியில் இல்லை. அதனால் எழுதுகிறேன். அவ்வளவு சந்தோஷம்.

அண்ணன் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து போட்டோக்காரர் வந்தாரே, நினைவிருக்கிறதா? எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தபோது நீ அடுப்படியில் இனிப்புக் கவுனி அரிசி கிளறிக்கொண்டிருந்தாய். "இந்தா வாரேன்" என்றாய். வரவில்லை. எல்லா விசேஷத்திலும் அப்படித்தான். நீ போன பிறகு தேடினால், ஒரு போட்டோவிலும் உன் முகம் இல்லை.

போனவர்களுக்கு இலை போட்டுக் கும்பிடும் படைப்பு வருகிறது. உனக்கு இதுதான் முதல் படைப்பு. எந்த முகத்தைப் பார்த்துக் கும்பிடுவேன் என்று அழுதுகொண்டிருந்தேன். அதை ரூத் பார்த்துவிட்டாள். அமெரிக்காவிலிருந்து வந்து, பள்ளத்தூரில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற கறுப்பினப் பெண். நம் வீட்டு முன்கட்டில்தான் குடியிருக்கிறாள். நம் பேச்சு அவளுக்கு நன்றாக வருகிறது.

"ஆத்தா எப்படி இருப்பாக, சொல்லு. நான் வரையுறேன்" என்றாள். இடது கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு நீ குனிந்து பரிமாறுவதைச் சொன்னேன். "எங்க அம்மாவும் அப்படித்தான் குனிவாக" என்று சிரித்தாள்.

ரூத்தின் சொந்தமெல்லாம் வருஷம் ஒருமுறை மரத்தடியில் கூடுமாம். போனவர்களின் பேரைச் சொல்லித் தரையில் தண்ணீர் விடுவார்களாம். முதல் தட்டும் அவர்களுக்குத்தானாம். அப்படிப் போனவர்கள் உடுத்திய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை ஒன்றை ரூத் வைத்திருக்கிறாள். கேட்டால் நம் பங்காளி வீடு மாதிரி இல்லையா, ஆத்தா?

நேற்று படத்தைத் திருப்பிக் காட்டினாள். நம் வீட்டு நடுமுற்றத்து வளவில் பந்தி நடக்கிறது. ஒரு பக்கம் நம் ஆட்கள். எதிரே அவள் ஆட்கள், பெரிய தொப்பி வைத்த பெண்களும் கைதட்டிப் பாடுகிற ஆண்களும். முதல் இலையில், அந்தப் போர்வையின் மேல், அரக்குக் கண்டாங்கிச் சேலை கட்டி நீ உட்கார்ந்திருக்கிறாய்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "ஏண்டி, ஆம்பளைக சாப்பிடுமுன்ன உங்க ஆத்தா என்னைக்கு இலையில உக்காந்தா? பங்காளிக பாத்தா என்ன சொல்லுவாக? நிக்கவச்சு வரையச் சொல்லு. இல்லாட்டி இதை வளவுல மாட்ட விடமாட்டேன்."

"போனவுகளை நாங்க நிக்கவைக்க மாட்டோம் ஆச்சி" என்றாள் ரூத்.

இனி என்னைப் பெத்த அப்பச்சிதான் சொல்ல வேண்டும். அவர் படத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இலையில உக்காந்திருக்கா. பரிமாற ஆளைக் காணோமே."

"யாரை வரையட்டும்?" என்றாள் ரூத்.

"ரச வாளியை என் கையில குடு தாயி."

அத்தை வாயில் கை வைத்தாள். "வாளியை எங்குட்டுப் பிடிக்கணும்னாச்சும் தெரியுமாண்ணே ஒனக்கு?"

"படத்துல சிந்தாதுல்ல" என்றார் அப்பச்சி. அத்தை சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள்.

இன்று காலையில் ரூத் வரைவதற்காக அப்பச்சி வெறும் வாளியோடு வளவில் நின்றார். அவராகவே இடது கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆத்தா. சாப்பிடும்போது தலை நிமிராத மனுஷர் உன்னை எப்போது பார்த்தார்?

படைப்பன்று உன் படம் வளவில் இருக்கும். ரூத் வீட்டு வழக்கப்படி உன் பேர் சொல்லித் தண்ணீர் விடுவேன். முதல் இலை உனக்குத்தான். பரிமாறுவது நாங்கள். இனி எந்த விசேஷத்திலும் உன்னை எழுந்திருக்க விடமாட்டேன், இது சத்தியம்.

பரிமாறிவிட்டு உன் பக்கத்து இலையில் உட்காரப்போகிற
உன் மகள்,
வள்ளி