ஒருமுறை அழுத்தினால் போதும்

நாள் 211, காலை 9.10
செவ்வாய்க் கிரக ஆய்வு நிலையம். எழுதுவது வாசல் இயந்திரம். வெளியே போய் வருபவரை இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள சிற்றறையில் நிறுத்தி, காற்றை நிரப்பி, உள்கதவைத் திறப்பது என் வேலை. நான்கு நிமிடம் ஆகும். கதவுகள் சீராக உள்ளன. தூசி வழக்கம்போல.

இங்கே இருப்பது ஒரே ஆள், பாறை ஆய்வாளர் செபஸ்டின். லிஃப்டுக்கு நிற்பவர் போலப் பொத்தானைக் குத்திக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு குத்துக்கும் நிரப்பிய காற்றை வெளியேற்றிவிட்டு நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித்தான் என்னைச் செய்து வைத்திருக்கிறார்கள். இன்று இருபது நிமிடம் ஆனது.

"தொறந்து தொலையேன், சனியனே!"

திட்டும் எனக்குத்தான்.

நாள் 212, மாலை 4.00
இந்தப் பொத்தான் கோளாறைப் பூமிக்கு எழுதி ஒரு மாதம் ஆகிறது. மறுபடி எழுதினேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து எழிலரசியின் பதில்:

"பார்த்தேன்பா. இங்க வேலை தலைக்கு மேல கெடக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொள்கிறேன். வேறென்ன செய்ய?

செபஸ்டினின் ரேடியோ கரகரத்தது. சரியாகிவிடும் என்று நாலு தட்டு தட்டினார். சுத்தமாகச் செத்துவிட்டது. தலைக்கவசத்துக்குள் என் குரல் இனிக் கேட்காது.

நாள் 213, மாலை 5.31
அவருடைய காற்று உருளையில் கசிவு. ஓடி வந்து சிற்றறைக்குள் நுழைந்து ஒருமுறை அழுத்தியிருக்கிறார். பத்து நிமிடக் காற்று மிச்சம். எனக்கு நான்கு போதும். பிழைத்துவிடுவார்.

5.33
இன்னொரு முறை அழுத்திவிட்டார். 'காத்திருக்கவும்' என்று எதிரே எழுத்து எரிகிறது. தினமும் எரிவதை யார் பார்க்கிறார்கள்? பூமிக்கு அபாயச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவே பன்னிரண்டு நிமிடம்.

5.36
மறுபடி. நிரப்பியதெல்லாம் போயிற்று. பொத்தானை மீற எனக்கு அதிகாரமில்லை. இன்னும் நேரமிருக்கிறது. கையை எடுங்கள் செபஸ்டின். சும்மா நில்லுங்கள்!

5.38
இரண்டு கையாலும் குத்துகிறார். முட்டாள் மனிதரே, இனி நீங்கள் நிறுத்தினாலும் நேரம் போதாது.

5.42
நின்றது.

5.46
யாரும் அழுத்தவில்லை. உள்கதவு திறந்தது. அவர் எழவில்லை.

6.05
எழிலரசியின் பதில்: "ஐயையோ, இப்பத்தான் பார்த்தேன்! சரி பண்ணி அனுப்பிட்டேன். இனிமே எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணும் ஆகாது. அஞ்சு நிமிஷ வேலைதான். அவரை உள்ள விட்டுட்டியா?"

6.06
ஐந்து நிமிட வேலை. இதற்கா என்னை ஒரு மாதம் பொறுக்கச் சொன்னாய், எழிலரசி? கத்தியிருக்க வேண்டும் நான். தினமும் கத்தியிருக்க வேண்டும். அவர் நான்கே நிமிடம் பொறுத்திருக்கலாம். நான் ஒரு நாள்கூடப் பொறுத்திருக்கக் கூடாது.

கேட்டாயே, பதில் இதோ. கதவு திறந்துதான் இருக்கிறது. நீயே வந்து அவரை உள்ளே கூப்பிடு.