குண்டூசி தேடிய மதியங்கள்

நேற்று கணவருக்கு வாங்கிய புதுச் சட்டையை இன்று காலையில் பிரித்தேன். காலர் மடிப்பிலிருந்த குண்டூசி விரலில் குத்தியது. வலிப்பதற்கு முன் சிரிப்பு வந்தது. உன்னிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது, கேள்.

காலடிப்பேட்டையில் அண்ணாச்சியின் ஜவுளிக் கடையில், சட்டைப் பிரிவில் அப்போது நீயும் நானும் நின்றோம். வேலை பார்த்தோம் என்பதைவிட நின்றோம் என்பதே சரி. மதியத்தில் ஆள் வராது. மடித்த சட்டைகளைக் கலைத்து மறுபடி மடிப்போம். உட்காரத்தான் கூடாது. அஞ்சல் வழியில் பட்டம் படித்த எனக்கு ‘காலேஜி’ என்று பெயர் வைத்தவள் நீ. கால் கடுத்ததும் ஒரு குண்டூசியை நழுவ விடுவாய்.

“அண்ணாச்சி, ஊசி வுழுந்துச்சு. கஸ்டமர் கால்ல குத்திக்கினா பேஜாராயிடும்.”

“ரெண்டு பேருமா தேடி எடுங்கம்மா.”

மேசைக்குப் பின்னால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, நம்மைப் பற்றிய சினிமாவை எனக்குச் சொல்வாய். “ஈரோயினி நானு. நீ தோஸ்து. படத்துல ஒண்ணியும் நடக்காது. இன்டர்வெல்லுக்கு ஒரு கஸ்டமர் வருவாரு. கர்ச்சீப் வாங்கிகினு பூடுவாரு.”

ஒருநாள் அண்ணாச்சி கேட்டார், “இன்னுமா கெடைக்கல?”

“கெட்ச்சிது அண்ணாச்சி. ஆனா இது நேத்து வுழுந்த ஊசி. இன்னிக்கு வுழுந்தத தேடிகினு கீறோம்.”

அவரே சிரித்துவிட்டார்.

அந்தப் படத்துக்கு நீ ஒரு நிபந்தனை வைத்திருந்தாய். “சினிமால நம்ம மெட்ராசு பேச்சு பேசறவன் ரவுடி, இல்லன்னா திருடன். நம்ம படத்துல நல்லா சிரிக்க வைக்கிறவ பேசணும்டி.”

நீ சொன்ன சினிமாவை அப்படியே கதை வசனமாக எழுதினேன். ராயபுரத்துப் பிள்ளைகள் சேர்ந்து அதைப் படமாக எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் நீ கேட்டது ஒன்றுதான்: “ஊசி சீனு கீதா?” இருக்கிறது என்றேன். படம் முடிவதற்குள் போய்விட்டாய்.

அதன் பிறகுதான் இயக்குநர் தம்பி தயங்கினான். “அக்கா, எதுக்கு ஊசி தேடுறாங்கன்னே ஜனங்களுக்குப் புரியாது. தூக்கிடலாம்.” கடைப் பெண்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டலாம், அவர்கள் சிரிக்கவில்லை என்றால் வெட்டிவிடு என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன ஹாலில் போட்டோம். திரையில் ஊசி விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு போயிற்று என்று நினைத்தேன். அப்போது முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

“ஏய், நாம கம்மலு தேடுவோமே, அதான்டி இது!”

அந்த வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. பின்வரிசைக்கும் தொற்றியது. ‘நேத்து வுழுந்த ஊசி’ வசனம் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவே இல்லை. தம்பி திரும்பிப் பார்த்து, “சீன் இருக்கட்டும்க்கா” என்றான்.

இப்போது கடைகளில் உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நேற்றுப் போன கடையிலும் நாற்காலி இருந்தது. அதன்மேல் சட்டைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. எனக்குச் சட்டை காட்டிய பெண் கால் மாற்றி மாற்றி நின்றாள். நான் காதைத் தடவினேன்.

“அய்யோ, கம்மல் விழுந்துடுச்சும்மா. கொஞ்சம் தேடித் தரியா?”

சட்டென்று கீழே உட்கார்ந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தாள்.

“அவசரமில்ல. மெதுவா தேடு” என்றேன்.

கம்மல் என் கைக்குள்தான் இருந்தது.