அல் அயினில் இருப்பதாகச் சொன்ன ஆள்

ஆப்கானிஸ்தான்
14 நவம்பர் 2003

அன்புள்ள ஷாஜினிக்கு,

மாதா துணையால் சுகம். நீயும் சுகம்தானே? இங்கே அமெரிக்கப் பட்டாளத்து முகாமில் சமையல். துபாய் சோனாப்பூர் லேபர் கேம்ப் மெஸ்ஸில் அண்டா அண்டாவாகப் பொங்கிய கைக்கு இது பெரிய காரியமில்லை. குளிர்தான் ஆளைக் கொல்கிறது. காலையில் முட்டைகூட உறைந்து கிடக்கிறது. பட்டாளக்காரர்கள் ஹெலிகாப்டரில் மலைக்குள் போகிறார்கள். திரும்பி வந்தால் தட்டைப் பார்த்தபடியே தின்றுவிட்டுப் போகிறார்கள்.

நூறு வருஷத்துக்கும் முன்னால் வெள்ளைக்காரன் பட்டாளமும் இந்த நாட்டு மலைகளில் ஏறியதாம். பாதை வெட்ட, பாலம் கட்ட மதராஸ் ஆட்களையும் கூட்டி வந்திருக்கிறார்கள். ஓர் அதிகாரி சொன்னார். ஆக, இங்கே வந்து விறைத்த முதல் தமிழன் நானில்லை.

மலையில் யாருக்காவது ஏதாவது ஆனால் முகாமில் போனை அடைத்துவிடுவார்கள். பதறாதே. சரக்கு விமானத்தில் ஷார்ஜா போய்வரும் தியாகுவிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். யார் கேட்டாலும் அங்கே பக்கத்தில் அல் அயினில் சைட் வேலை என்றே சொல். அம்மா காதுக்குப் போனால் பச்சைத்தண்ணி குடிக்கமாட்டாள்.

அன்புடன்
கிளிட்டஸ்

அஜ்மான்
9 ஜனவரி 2004

அன்புள்ள அத்தானுக்கு,

ஷாஜினி எழுதுவது. கிறிஸ்துமஸ் பூசைக்கு நான் ஒற்றையாகப் போனேன். அல் அயினிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வரக்கூடிய மனுசன் ஏன் வரவில்லை என்று எல்லோருக்கும் ஒரே விசாரணை. பக்கத்து ஃப்ளாட் ரினி நேராகவே கேட்டாள்: "அங்க வேற ஆரையும் வச்சிருக்காரோ?" நான் சிரித்தேன். வேறென்ன செய்ய?

போன வாரம் முகாம் ஒன்றில் குண்டு விழுந்ததாக டிவியில் காட்டினார்கள். உங்கள் போன் அடிக்கவில்லை. ஊரில் வள்ளம் இருட்டுவதற்குள் கரை சேராவிட்டால், கூப்பிடாமலே பெண்கள் வந்து அந்த வீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்களே. வள்ளம் வந்தால்தான் எழுந்து போவார்கள். இங்கே யார் வருவார்கள்? என் புருஷன் அல் அயினில் அல்லவா இருக்கிறார். கிளினிக்கில் டூட்டிக்குப் போய் ஊசி போட்டேன். ஒரே ஆளின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டேன், அந்தப் பட்டாணியர் எனக்கே ஆறுதல் சொன்னார்.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுங்கள்.

உங்கள்
ஷாஜினி

ஆப்கானிஸ்தான்
6 மார்ச் 2004

அன்புள்ள ஷாஜினிக்கு,

கோபப்படாதே. இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பட்டாளம் இன்னும் உயரத்தில் புது முகாம் போடுகிறது, சமையலுக்கு ஆள் கேட்டார்கள். துபாயில் கம்பெனியை மூடி, முதலாளி கஃபீல் என் விசாவையும் கேன்சல் செய்தபிறகு நான் அங்கே வந்து என்ன செய்ய? நீ டூட்டிக்குப் போவாய், நான் உன் சம்பளத்தில் உட்கார்ந்து தின்பேன். ஊர் சிரிக்கும். இங்கே என் சமையலைத் தேடி வருகிறார்கள், ஷாஜினி.

மேலே போன் கிடையாது. கொஞ்ச நாள் அல் அயின் என்றே சொல்லிச் சமாளி.

அன்புடன்
கிளிட்டஸ்

அஜ்மான்
25 ஏப்ரல் 2004

அன்புள்ள அத்தானுக்கு,

புதன்கிழமை மலையில் ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது, அதில் முகாம் வேலைக்காரர்களும் இருந்தார்கள் என்று டிவியில் சொன்னார்கள். தியாகுவையும் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நம் ஊர்க்காரர்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சவமே, இத்தன நாளும் இத ஒத்தையிலயா சுமந்த?" என்றாள்.

அன்று மாலையே அன்பியத்துப் பெண்கள் நம் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார்கள். துபாய் அல் கூஸிலிருந்துகூட இரண்டு பேர் டூட்டி மாற்றிக்கொண்டு வந்தார்கள். கால் நீட்ட இடமில்லை. ஒருத்தி மீன்குழம்பு வைத்தாள், ஒருத்தி எனக்குத் தலை வாரிவிட்டாள், விடாமல் ஜெபமாலை சொன்னார்கள். உங்கள் அம்மாவுக்கும் நானே போன் செய்தேன். அழுதார்கள். அப்புறம் நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்கள்.

இன்று மத்தியானம் தியாகு கூப்பிட்டார். நீங்கள் அந்த ஹெலிகாப்டரில் ஏறவில்லை, மேலே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். எல்லோரும் சத்தம் போட்டு அழுது, சிரித்து, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆறு மாதத்தை முறித்துக்கொண்டு வாருங்கள், அத்தான். என் சம்பளத்தில் உட்கார்ந்து தின்னுங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் செத்திருக்கலாம் என்று இருந்தவரை நான் தனியாக இல்லை. உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

உங்கள்
ஷாஜினி